பழைய சைக்கிளை ஃபிக்ஸட் கியராக மாற்றலாமா? சில ஆண்டுகள் ஓட்டியபின் என் முடிவு

ஃபிக்ஸட் கியர் என்றால் ஒரே கியர்தான், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், மிதிக்காமல் சும்மா உருள முடியாது. பழைய சைக்கிளை அப்படி மாற்றலாமா வேண்டாமா என்பதை ஆசையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பின்சக்கரத்தின் அச்சு பிரேமில் உட்காரும் பிளவைக் குனிந்து பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. பிளவு கிடைமட்டமாகவோ சற்றுச் சாய்வாகவோ நீண்டிருந்தால் மாற்றலாம். செங்குத்தாக இருந்தால் அந்த சைக்கிளை அதன் கியர்களோடு விட்டுவிடுவதே நல்லது. கியர் மாற்றும் அமைப்பைக் கழற்றியபின் செயினின் தளர்வை இழுத்துப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது. சக்கரத்தையே பின்னுக்கு நகர்த்தித்தான் செயினை இறுக்க வேண்டும். செங்குத்துப் பிளவுக்கென்று மையம் விலகிய அச்சுள்ள தனி ஹப்புகள் (அச்சைச் சுற்றிய சக்கரத்தின் நடுப்பகுதி) கிடைக்கின்றன என்றாலும், ஒரு பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பதே என் எண்ணம்.

என்னுடையது நீண்ட பிளவுள்ள பழைய இரும்பு பிரேம். சில ஆண்டுகளாக வேலைக்குப் போய்வர இதையே ஓட்டுகிறேன்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஹப்பைப் பற்றித்தான். ஃபிக்ஸட் கியரில் பெடலும் பின்சக்கரமும் ஒன்றாகவே சுழலும். வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்னோக்கி அழுத்தும்போது, பல்சக்கரம் மரையிலிருந்து அவிழப் பார்க்கும். அதற்காகவே இதற்கென்று செய்யப்பட்ட ஹப்பில் இரண்டு மரைகள் இருக்கும். முதல் மரையில் பல்சக்கரம் ஏறும். எதிர்த்திசையில் வெட்டப்பட்ட இரண்டாவது மரையில் லாக் ரிங் என்ற பூட்டு வளையம் ஏறும். பல்சக்கரம் அவிழ முயன்றால் லாக் ரிங் இன்னும் இறுகும். ஃபிரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பல்சக்கரம்) மாட்டுவதற்கான பழைய ஹப்பில் இந்த எதிர்மரை இல்லை. அதில் பசையை நம்பிப் பல்சக்கரத்தை ஏற்றி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டியை நிறுத்த வேண்டிய நொடியில்தான் அது கைவிடும்.

சரியான ஹப்போடு புதிதாகப் பின்சக்கரம் கட்டிக்கொள்வதுதான் இந்த வேலையின் பெரிய செலவு. அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். இவ்வகை ஹப்புகள் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர். ஆறு கியர் வைத்த பழைய பிரேம்களின் இடைவெளி 126. பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் வளையம் போட்டதும் எனக்குச் சரியாகிவிட்டது. முன் பல்சக்கரத்தைக் கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) உள்பக்க இடத்தில் பொருத்தியபின் செயினும் நேர்க்கோட்டில் வந்தது. கோடு விலகினால் இரைச்சல் வரும், செயின் கழன்று விழவும் கூடும். ஓட்டத்தில் செயின் விழுந்தால் காலால் நிறுத்தவே முடியாது. ஆகவே முன் பிரேக்கைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்னால்தான் இருக்கிறது. பின்சக்கரத்தை எவ்வளவு திறமையாக அடக்கினாலும் அதற்கு ஈடாகாது.

பல் விகிதத்தில் நான் நிலைத்தது முன்னால் 42, பின்னால் 16. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். சமதளத்தில் இது அருமை. சுமாரான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் ஏறிவிடலாம். இறக்கம்தான் சோதனை. 40 கிலோமீட்டர் வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு 120 சுற்றுச் சுழல வேண்டும். நீண்ட இறக்கங்களில் என் முழங்கால் இதைத் தெளிவாகவே உணர்த்துகிறது.

பழகும் காலத்தில் கால் ஓயப் பார்க்கும், பெடல் விடாது, உடல் முன்னுக்குத் தள்ளப்படும். சில வாரங்களில் அது போய்விடும். வளைவில் சாயும்போதும் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால் தரையில் இடிக்க வாய்ப்புண்டு. 170 மில்லிமீட்டர் கிராங்கை 165 ஆக மாற்றியபின் எனக்கு நிம்மதி. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? போக்குவரத்து நெரிசலில் காலாலேயே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போகும் நுட்பம். ஈரச் சாலையில் பின் டயரின் பிடிப்பு உள்ளங்காலுக்கே தெரியும். பராமரிப்பும் மிகக் குறைவு. இந்த சைக்கிளை நான் விற்கவே மாட்டேன்.

இருபக்கமும் மரையுள்ள ஹப்பை வாங்குங்கள் என்பதே தயங்குபவர்களுக்கு என் யோசனை. ஒருபக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃபிரீவீல். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் வண்டியின் குணமே மாறிவிடும். 1937இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் செயின் தாவும் கியருக்கு அனுமதி கிடைக்கும்வரை, வீரர்கள் மலையடியில் இறங்கி இப்படித்தான் சக்கரத்தைத் திருப்பினார்கள். மலைப்பாங்கான ஊருக்குப் போகும்போது நானும் ஃபிரீவீல் பக்கத்துக்கு மாறிவிடுகிறேன். அப்போது பின் பிரேக்கும் கட்டாயம் வேண்டும். பிரேமில் கியர் தொங்கும் கொக்கியை மட்டும் யார் சொன்னாலும் அறுக்காதீர்கள், கழற்றிய பாகங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஊரெல்லாம் மேடுபள்ளமாக இருப்பவர்களும், செயின் தளர்வையும் லாக் ரிங்கையும் அடிக்கடி சரிபார்க்கப் பொறுமை இல்லாதவர்களும் ஃபிரீவீல் பக்கத்திலேயே ஓட்டட்டும்.