வீட்லயே கட்டுன டிரெய்லருக்கு வாங்கின பூட்டுங்க: எது நிக்குது, எது பேருக்கு

முதல்லயே மார்க்க சொல்லிடறேன், முழுசா படிக்க பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். வீல் கிளாம்ப் அஞ்சுக்கு நாலு. கப்ளர, அதாவது வண்டிக்கு பின்னாடி இருக்கிற இழுவை பந்து மேல உட்கார்ற டிரெய்லர் மூக்க, மொத்தமா மூடுற இரும்பு பெட்டி டைப் பூட்டு மூணரை. பந்து வச்ச யூ டைப் ரெண்டு. லாட்ச், அதாவது கப்ளர பந்துல பிடிச்சு வைக்கிற பிடி, அதோட ஓட்டையில சொருகுற சின்ன பின் பூட்டு ஒண்ணு, அதுவும் போனா போகுதுன்னு. எங்க இருக்குன்னு காட்டுற டிராக்கருக்கு மார்க் போட முடியல, ஏன்னு கீழ சொல்றேன். ஆனா காசு குடுத்து வாங்கின இது எல்லாத்தையும் விட நான் நம்புறது கழட்டி வீட்டுக்குள்ள எடுத்துட்டு போற மாதிரி நானே வெல்டு வச்ச டிராபார, அதாவது கப்ளர் மாட்டுற முன்பக்க டியூப்பத்தான். சொந்தமா கட்டுறவங்களுக்கு இந்த ஒரு வசதி சும்மாவே இருக்கு, ஆனா முக்காவாசி பேர் கட்டி முடிச்சு பெயின்ட் காய்ஞ்ச பிறகுதான் திருட்டு பத்தி யோசிக்க ஆரம்பிக்கிறாங்க.

என்னோடது சாதாரண சாமான் ஏத்துற டிரெய்லர். ஒரு ஆக்ஸில், ரெண்டு வீல், பட்டை ஸ்பிரிங், பிரேக் கிடையாது, எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் வெட்டாம அப்படியே படுக்கணும்னு கணக்கு போட்டு சைஸ் வச்சது. ஆக்ஸில், ஹப், பேரிங், கப்ளர், லைட் இதெல்லாம் வாங்கினது, மத்ததெல்லாம் ஸ்கொயர் டியூப்பும் ஆங்கிளும் வெட்டி வெல்டு பண்ணது. ஆக்ஸில நட்ட நடுவுல வைக்காம கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சிருக்கேன், பொதுவா மொத்த வெயிட்ல 10லிருந்து 15 சதவீதம் முன்னாடி பந்து மேல இறங்கணும்னு சொல்வாங்க, அது இல்லாம பின்பக்கம் வெயிட் ஏறுச்சுன்னா ஸ்பீடு எடுக்கும்போது டிரெய்லர் வால ஆட்ட ஆரம்பிச்சிடும். இது திருட்டு சமாச்சாரம் இல்லதான், ஆனா கட்டுறவங்க படிப்பீங்கன்னு சொல்லி வைக்கிறேன்.

இத ஆட்டைய போடுறது எவ்வளவு ஈஸின்னு யோசிச்சு பாருங்க. ஸ்டார்ட் பண்ண சாவி வேணாம், இன்ஜின் இல்ல, அலாரம் இல்ல, காலியா இருந்தா ரெண்டு பேர் சேர்ந்து தள்ளிட்டே போயிடலாம். ஃபேக்டரி டிரெய்லர்னா சேசிஸ் நம்பர் அடிச்சிருப்பான், பிளேட் இருக்கும், பில் இருக்கும். நம்ம கட்டுனதுல நாமளா எதுவும் பண்ணி வைக்கலன்னா அது யாரோடதுன்னு சொல்ல வெல்டு பண்ணவனோட ஞாபகத்த தவிர வேற எதுவுமே இல்ல.

இப்ப பூட்டுக்கு வரேன். எத வாங்கினாலும் நான் முதல்ல பண்றது ரெண்டு டெஸ்ட், ரெண்டுக்கும் செலவு கிடையாது. ஒண்ணு காந்தம். ஒட்டலன்னா உள்ள இருக்கிறது அலுமினியமோ ஜிங்க் வார்ப்போ, பெயின்ட் எவ்வளவு முரட்டுத்தனமா இருந்தாலும் நாலு சுத்தியல் அடிக்கு விரிசல் விடும். ரெண்டாவது அரம். பூட்டோட தடியில வெளிய தெரியாத ஒரு ஓரத்துல அரத்த வச்சு ஒரு இழு இழுங்க. ஹார்டன்டு ஸ்டீலா இருந்தா அரம் கீச்சுன்னு சறுக்கிட்டு போகும், கீறல் கூட சரியா விழாது. சாதா இரும்புன்னா அப்படியே கடிச்சு பளபளன்னு தூள் கொட்டும். பெட்டி மேல போட்டிருக்கிற வார்த்தைங்கள விட இந்த தூள் நிறைய உண்மை பேசும்.

லாட்ச் பின் பூட்டு காந்தத்துல பாஸ் ஆச்சு, அரத்துல ஃபெயில். அது கூட பரவாயில்ல, அதோட அடிப்படையே கோளாறு. அது கப்ளரோட பிடிய தூக்க விடாம பண்ணும், அவ்வளவுதான். கப்ளருக்கு அடியில பந்து உட்கார்ற குழி காலியாதான இருக்கு, அதுக்குள்ள கொஞ்சம் சின்ன பந்த விட்டு இழுத்துட்டு போகலாம், பந்தே இல்லாம டிராபார சுத்தி ஒரு சங்கிலி போட்டும் இழுக்கலாம். ஒரே ஒரு இடத்துல இது உதவும்: டிரெய்லர் வண்டியோட மாட்டியிருக்கும்போது, வழியில எங்கயாவது நிறுத்திட்டு போனா, யாரும் சட்டுனு பிடிய தூக்கி கழட்டிட முடியாது. வீட்ல தனியா நிக்கிற டிரெய்லருக்கு இது காவல்னு நெனச்சுக்காதீங்க.

யூ டைப் பூட்டுல ஒரு பந்து இருக்கும், அத குழிக்குள்ள விட்டு மேல யூ மாதிரி ஒரு கம்பிய கொண்டு வந்து பூட்டணும். ஐடியா நல்லா இருக்கு, குழி அடைபட்டுடுது. பிரச்சன ஃபிட்டிங்ல. 50 மி.மீ. பந்துக்கான கப்ளருக்கு வாங்கினாலும் கப்ளரோட மூக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கு, என் கப்ளர்ல கம்பிக்கும் மூக்குக்கும் நடுவுல விரல் நுழையுற அளவு இடைவெளி. அந்த இடைவெளியிலதான் கடப்பாரை போகும். கடப்பாரை போயிடுச்சுன்னா அப்புறம் சாவி போற சிலிண்டர் எவ்வளவு நல்லதுன்னு பேசி பிரயோஜனம் இல்ல. இன்னொன்னு, பந்துல காந்தம் ஒட்டல.

பெட்டி டைப் வெயிட்டா இருக்கு, கப்ளர் மேல கவுத்து பூட்டினா வெளிய எதுவும் தெரியாது, அரம் சறுக்குச்சு, சாவி ஓட்டையும் அடிப்பக்கம் உள்வாங்கி இருக்கிறதால டிரில் மெஷின நேரா பிடிக்க இடம் இல்ல. இதுக்கு நாலு குடுத்திருப்பேன், ஆனா வீட்ல கட்டுனவங்களுக்கு இதுல ஒரு ஓட்டை இருக்கு, அத எந்த விளம்பரமும் சொல்லாது. நம்ம கப்ளர் டிராபார்ல ரெண்டு போல்ட்லதான் நிக்குது. பெட்டி கப்ளரோட மூக்க மூடுது, பின்னாடி இருக்கிற போல்ட மூடல. ரெண்டு ஸ்பானர் இருந்தா போதும், பூட்டோட சேர்த்து நம்ம கப்ளர கழட்டி அங்கயே வச்சிட்டு அவன் கொண்டு வந்த கப்ளர மாட்டிட்டு கிளம்பிடுவான், பூட்டு மட்டும் பத்திரமா நம்மகிட்ட இருக்கும். அதனால போல்ட் தலைங்கள முதல்ல கவனிங்க. டைட் பண்ணும்போது தலை தானா முறிஞ்சு வழுவழுன்னு ஆகிடுற ஷியர் நட்டு கிடைக்குது, அத போடலாம், இல்லனா போல்ட் முனையில நட்டோட சேர்த்து ஒரு சின்ன புள்ளி வெல்டு. கப்ளர் பாடி மேல வெல்டு வைக்காதீங்க, வார்ப்பு கப்ளர்னா சூட்டுல விரிசல் விட்டுடும், ரோட்ல போகும்போது கழண்டா திருட்ட விட பெரிய ஆபத்து.

வீல் கிளாம்புல ரெண்டு ஜாதி இருக்கு, இத தெரிஞ்சுக்காம வாங்காதீங்க. டயர ரெண்டு பக்கமும் கட்டிப்பிடிக்கிற டைப் பார்க்க பயங்கரமா இருக்கும், ஆனா டயர்ல காத்த இறக்கிவிட்டா லூசாகி உருவிக்கிட்டு வந்துடும். ரிம்ல இருக்கிற ஓட்டை வழியா ஒரு கை உள்ள போய் பூட்டுற டைப், கூடவே வட்ட தட்டு ஒண்ணு வீல் நட்ட மூடுறது, அதுதான் வேணும். நட்டு மூடலன்னா வீல கழட்டி தூக்கி போட்டுட்டு வேற வீல் மாட்டிட்டு போயிட்டே இருப்பான். என் ரிம் சின்னது, ஓட்டையும் சின்னது, கை தடிமன் நுழையுமான்னு வாங்குறதுக்கு முன்னாடி காலிப்பர் வச்சு அளந்துக்கிட்டேன், நீங்களும் அளங்க. அரை மார்க் குறைச்சது எதுக்குன்னா விற்றவங்க ரெண்டு சாவின்னு போட்டிருந்தாங்க, ஒண்ணுதான் வந்துச்சு, கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. மீதி அரை மார்க் வெயிட்டுக்கு, மழையில நனைஞ்சு சேறோட அத மாட்டி கழட்டுறது எரிச்சல். ஆனா ஆரஞ்சு கலர்ல தூரத்துலயே பளிச்சுனு தெரியுது பாருங்க, வேலையில பாதிய அந்த கலரே பண்ணிடும். கழட்ட மறந்து வண்டிய எடுத்தா மட்கார்டு நசுங்கும், அதனால பூட்டும்போதே சாவிய வண்டி சாவியோட கோர்த்துடறேன்.

கிளாம்ப் போட்டாலும் காலி டிரெய்லர நாலு பேர் தூக்கி லாரில வச்சிட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, அதுக்கு சங்கிலி வேணும். 10 மி.மீ. சாதா சங்கிலிய நீள கைப்பிடி கட்டர் வெட்டிடும், ஹார்டன்டு ஸ்டீல்ல 13 மி.மீ.க்கு மேல போனா கையால வெட்டுற கட்டர் திணறும். சங்கிலிய தரையில கிடக்க விடாதீங்க, தரையில கிடந்தா கட்டரோட ஒரு கைப்பிடிய தரையில ஊனி மொத்த உடம்பு வெயிட்டையும் மேல போட்டு வெட்டலாம், அந்தரத்துல இறுக்கமா இருந்தா அந்த பலம் கிடைக்காது. டிராபார சுத்தி போடாம சேசிஸ் குறுக்கு மெம்பர், ரிம் ரெண்டு வழியாவும் விட்டு கான்கிரீட்ல பதிச்ச கொக்கியில பூட்டுங்க. கொக்கியோட போல்ட் ஆலன் கீ டைப்னா அந்த ஆறுமூலை ஓட்டைக்குள்ள ஒரு பேரிங் குண்ட சுத்தியலால இறக்கிடுங்க, அப்புறம் யாரும் கழட்ட முடியாது, நாமளும்தான்.

தர முத்திரை பார்த்து வாங்குறவங்களுக்கு: பிரிட்டன்ல சோல்ட் செக்யூர்னு ஒரு அமைப்பு பூட்டுங்கள உடைச்சு பார்த்து பிரான்ஸ், சில்வர், கோல்டு, டைமண்டுன்னு முத்திரை குடுக்குது. தொங்கு பூட்டுக்கு ஐரோப்பால இஎன் 12320ன்னு ஒரு தரம், 1லிருந்து 6 வரைக்கும் கிரேடு, நம்பர் ஏற ஏற கெட்டி. எந்த முத்திரை இருந்தாலும் பேட்டரி கிரைண்டரோட ஒருத்தன் வந்து சாவகாசமா உட்கார்ந்தான்னா வெட்டிடுவான். நாம காசு குடுக்கிறது அவனுக்கு ஆகுற நேரத்துக்கும், கிளம்புற சத்தத்துக்கும், பறக்குற தீப்பொறிக்கும்தான்.

அதனாலதான் டிராபார். சேசிஸ் நடுவுல 60க்கு 60, 4 மி.மீ. கனம் டியூப், அதுக்குள்ள போற மாதிரி 50க்கு 50 டியூப். உள் அளவு 52 வருது, பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி. 5 மி.மீ. கனம் எடுத்தா உள் அளவு சரியா 50, நுழையாது. 4 மி.மீ.லயே கூட டியூப்புக்குள்ள நீளத்துக்கும் ஒரு வெல்டு கோடு ஓடும், அது அந்த 1 மி.மீ.ய தின்னுடும், அரத்த நீள கம்பியில கட்டி உள்ள விட்டு தேய்க்கணும், கை வலிக்கிற வேலை. உள்ள போற நீளம் குறைஞ்சது ரெண்டு குறுக்கு மெம்பர தாண்டணும். நிக்க வைக்கிறது 8.8 கிரேடு எம்16 போல்ட் ரெண்டு, ஓட்டை வழியா உள்ள ஒரு குழாய் புஷ் வச்சு வெல்டு பண்ணிடுங்க, இல்லனா டைட் பண்ண பண்ண டியூப் வயிறு ஒட்டிடும். உள்ள நைலான் வளையம் இருக்கிற நைலாக் நட்டு அடிக்கடி கழட்டி மாட்டினா பிடிப்பு போயிடும், தலையில வெட்டு இருக்கிற காசில் நட்டும், அந்த வெட்டு வழியா போல்ட்ல சொருகி மடக்குற ஸ்பிளிட் பின்னும் போடுங்க. சேஃப்டி செயின கழட்டுற டியூப்ல மாட்டாதீங்க, சேசிஸ்ல மாட்டுங்க, போல்ட் போனாலும் டிரெய்லர் வண்டிய விட்டு போகக்கூடாது. லைட் ஒயருக்கு ஜாயின்ட்ல ஒரு பிளக். இது லேசான லோடுக்கான அளவு, ஜல்லி மலையா ஏத்துறவங்களுக்கு பத்தாது, பெரிய செக்ஷன் எடுங்க. நீளத்தையும் குறைக்காதீங்க, டிராபார் குட்டையா இருந்தா ரிவர்ஸ்ல சட்டுனு மடங்கிக்கும். கழட்டிட்டா முன்னாடி ஒரு சதுர ஓட்டை மட்டும்தான் தெரியும், கப்ளரும் இல்ல, சங்கிலி சுத்த நீட்டிக்கிட்டு எதுவும் இல்ல.

டிராக்கர். எல்லாருக்கும் முதல்ல தோணுறது டியூப்புக்குள்ள ஒளிச்சு வைக்கலாம்னு, ஆனா இரும்புக்குள்ள ஜிபிஎஸ்ஸும் வராது, சிம் சிக்னலும் வராது. பிளாஸ்டிக் டெயில் லைட் கூடு, பலகைக்கு அடியில, இப்படி எங்கயாவது வைக்கணும். டிரெய்லருக்குன்னு பேட்டரி கிடையாது, பிளக் மாட்டினாதான் 12 வோல்ட், அதனால உள் பேட்டரியோட, அசைஞ்சாதான் முழிக்கிற டைப்பா பார்த்து வாங்குங்க. ஆப்பிளோட சின்ன டேக்கான ஏர்டேக்ல அதுக்குன்னு ஜிபிஎஸ் இல்ல, பக்கத்துல போற ஐபோன்கள் வழியாதான் இடம் தெரியும், சிஆர்2032 பேட்டரி ஒரு வருஷம் மாதிரி வரும், செலவு கம்மி. ஆனா யாரையும் ரகசியமா பின்தொடர கூடாதுன்னு பண்ணியிருக்கிற ஏற்பாட்டுல திருடனோட போனுக்கே உங்க கூட ஒரு டேக் வருதுன்னு அலர்ட் போயிடும். ரெண்டுமே திருட்ட தடுக்காது, போன பிறகு தேட உதவும், அதான் மார்க் போடல.

நம்பர் பஞ்ச் செட் ஒண்ணு வாங்கி சேசிஸ்ல ரெண்டு இடத்துல அடிங்க, ஒண்ணு கண்ணுக்கு தெரியிற இடம், இன்னொன்னு ஸ்பிரிங் ஹேங்கருக்கு பின்னாடி மாதிரி மறைவா. வெல்டு ராடாலயே எழுதியும் விடலாம், தேய்ச்சு எடுத்தா தழும்பு காட்டிக் குடுக்கும். கட்டும்போது எடுத்த போட்டோ, ஆக்ஸில் பில், கப்ளர் பில் தூக்கி போடாதீங்க, ரிஜிஸ்ட்ரேஷன் விதி இருக்கிற இடத்துல அதுக்கும் கேட்பாங்க.

பராமரிப்பு பெருசா இல்ல. சிலிண்டருக்கு எண்ணெய் விடாதீங்க, புழுதி ஒட்டி களிம்பாகிடும், கிராஃபைட் பவுடர் போடுங்க, ரப்பர் மூடி இருக்கிறதா பார்த்து வாங்குங்க. அந்த பின் பூட்ட இப்ப டூல் பாக்ஸுக்கு மாட்டியிருக்கேன், ஸ்பானர் எடுக்க வர்ற பசங்கள தடுக்க அது போதும்.