குறைத்துப் பார்ப்பதா, மாற்றிப் பார்ப்பதா: இயங்க மறுக்கும் வீட்டுக் கணினி

வீட்டுக் கணினி ஒரு நாள் காலையில் இயங்க மறுத்துவிட்டால், திருநெல்வேலிச் சீமையில் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: எஸ்எம்பிஎஸ்ஸை (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) மாற்றிப் பாருங்கள், சரிவராவிட்டால் ராமை (தற்காலிக நினைவகம்) மாற்றிப் பாருங்கள், அதற்கும் சரிவராவிட்டால் போர்டு (எல்லா உறுப்புகளும் பொருத்தப்படும் தாய்ப்பலகை) போய்விட்டது. இதனை மாற்றிப் பார்க்கும் முறை என்று வைத்துக்கொள்வோம். இதற்கு எதிரானது, புதிதாக எதையும் வாங்காமல், இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எஞ்சியது உயிர் பெறுகிறதா என்று கவனிக்கும் குறைத்துப் பார்க்கும் முறை. இரண்டையும் உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் பல ஆண்டுகளாகக் கையாண்டவன் என்ற வகையில், வீட்டில் இருப்பவருக்குப் பின்னதே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இரண்டுக்கும் முன்பாக மின்சாரத்தைச் சரிபார்த்துவிட வேண்டும் என்பதையும் அதே உறுதியுடன் சொல்வேன்.

மாற்றிப் பார்க்கும் முறைக்கு உள்ள வலிமையை மறைக்க வேண்டியதில்லை. சந்திப்பிலோ வண்ணார்பேட்டையிலோ உள்ள ஒரு கடையில், நன்றாக இயங்கும் எஸ்எம்பிஎஸ், ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் அலமாரியில் தயாராக இருக்கும்; பழகிய கை பத்து நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடித்துவிடும். வீட்டில் அந்த அலமாரி இல்லை. ஆகவே ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்க நேர்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: பழுதான எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே வைத்துக்கொண்டே புதிய போர்டைப் பொருத்தினால், பழையதைக் கெடுத்தது எதுவோ அதுவே புதியதையும் கெடுத்துவிடலாம். கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது, பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவோரும் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் அந்தக் கேபிள்களின் ஊசி வரிசை வேறுபடுவதால், 5 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடக்கூடும்.

முக்கூடலில் இருக்கும் என் சித்தப்பா மகன் கல்யாண வீடியோக்களை வீட்டிலிருந்தே தொகுத்துக் கொடுப்பவன். அவனுடைய கணினி வேலையின் நடுவே தானாக அணைந்து மீண்டும் எழத் தொடங்கியது. ஒரு கடையில் ராமை மாற்றினார்கள். அங்கே நன்றாக ஓடியது, வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். அடுத்த முறை போர்டையே மாற்றினார்கள்; மீண்டும் அங்கே ஓடியது, இங்கே அணைந்தது. வீடியோ தொகுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மஞ்சள் கம்பியில் 12 வோல்ட்டுக்குப் பதிலாக 11.1 வோல்ட் மட்டுமே இருப்பது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 5 சதவீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. கடையில் வெறும் முகப்புத் திரையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தபோது பளு இல்லாததால் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடித்திருக்கிறது. இந்த அனுபவம் குறைத்துப் பார்க்கும் முறைக்கும் சாதகமானதன்று என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பளு ஏறும்போது மட்டும் தலைகாட்டும் குறையை, எல்லாவற்றையும் கழற்றிவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அங்கே உதவியது அளவீடு மட்டுமே.

அளவீட்டைச் சுவரிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் யுபிஎஸ்ஸை விலக்கிவிட்டு, கணினியை நேரடியாகச் சுவர் இணைப்பில் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி தளர்ந்துபோன யுபிஎஸ்தான் பல வீடுகளில் கணினியின் பழுதாக வேடமிடுகிறது. அடுத்தது எர்த். சிபியு பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று ஷாக் அடிப்பதாகச் சொல்லும் வீடுகளில், எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக, எர்த் இல்லாத இரும்புப் பெட்டியில் ஏறத்தாழப் பாதி மின்னழுத்தம் ஏறி நிற்கிறது. அது பெட்டியின் கோளாறன்று, வீட்டு வயரிங்கின் கோளாறு. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் கோடையில் எர்த் குழி வறண்டுவிடுகிறது, அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் கணினியைக் குறை கூறுவதில் பயனில்லை. பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான அளவு 230 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பிறகு எஸ்எம்பிஎஸ்: சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் நிலையில், கணினி அணைந்திருந்தாலும், அதிலிருந்து போர்டுக்குச் செல்லும் 24 ஊசி இணைப்பின் ஊதாக் கம்பியில் 5 வோல்ட் இருந்தாக வேண்டும். கம்பிகள் எல்லாம் கறுப்பாக இருந்தால் 9ஆம் ஊசியைப் பாருங்கள். அந்த 5 வோல்ட் இல்லையென்றால் குறை பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான், வேறெதையும் கழற்ற வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது; உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னேற்றம், இணைப்பைப் பிடுங்கிய பின்னும் தங்கியிருக்கக்கூடும்.

மின்சாரம் சரியாக இருந்தும் திரையில் எதுவும் வராதபோது குறைத்துப் பார்க்கும் முறை தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. இணைப்பைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, யுஎஸ்பி சாதனங்கள், கடைசியாக ராம் வரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். போர்டு, பிராசஸர் (கணினியின் மூளையான சில்லு), அதன் மேலுள்ள விசிறி, எஸ்எம்பிஎஸ் ஆகிய நான்கு மட்டும் இருக்கட்டும். இப்போது இயக்கினால், ஸ்பீக்கர் இணைக்கப்பட்ட போர்டு ராம் இல்லை என்று விட்டுவிட்டுக் கத்த வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் போர்டும் பிராசஸரும் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். ‘போர்டு போச்சு அண்ணாச்சி’ என்ற தீர்ப்பை அந்த ஒரே சத்தம் தள்ளிவைத்துவிடும். புதிய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்குப் பதிலாகப் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடலாம். பிறகு ஒரே ஒரு ராமை, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைத் துடைத்துப் பொருத்துங்கள். ஆடிக் காற்றில் வந்து படியும் செம்மண் தூசியும், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரமும் சேர்ந்த இந்த ஊரில், பாதிக் கணினிகள் இந்தக் கட்டத்திலேயே எழுந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இம்முறையின் குறை, நேரமும் கைப்பக்குவமும் தேவைப்படுவது. பிராசஸரை மட்டும் தகுந்த காரணமின்றிக் கழற்றாதீர்கள், அடியிலுள்ள ஊசி ஒன்று வளைந்தாலும் போர்டோ பிராசஸரோ வீணாகக்கூடும்.

திரை வந்து, விண்டோஸ் மட்டும் வராமல் நின்றால் இரண்டு முறைகளும் தேவையில்லை. போர்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பின்னுக்குப் போவதோடு, பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) ஹார்ட் டிஸ்க்குக்கான அமைப்பும் பழைய நிலைக்குத் திரும்பி நீலத்திரை வரக்கூடும்; அதைப் பார்த்து டிஸ்க்கை மாற்றுவதும், விண்டோஸை அழித்து மீண்டும் போடுவதும் தேவையற்ற இழப்பு. பேட்டரியை மாற்றி, பயாஸ் அமைப்பைத் திருத்தினால் போதும்.

வெள்ளம் புகுந்த கணினி தனி வகை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை கடந்தபோது, நனைந்த கணினிகளை வெயிலில் காயவைத்து உடனே சுவிட்ச் போட்டுப் பார்த்தவர்களை அறிவேன். அப்படிச் செய்யவே கூடாது. முதலில் அந்தச் சிறு பேட்டரியைக் கழற்றுங்கள், ஈரத்தில் அதன் மின்னோட்டமே செம்பை அரித்துவிடும். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றுக்கான நுண்துளை இருப்பதால், மூழ்கிய டிஸ்க்கை இயக்கிப் பார்க்காமல் தகவல் மீட்பவரிடமே கொடுக்க வேண்டும்.

ராம் இல்லாமலும் எந்தச் சத்தமும் விளக்கும் வராத கணினியை மட்டும் கடைக்குக் கொண்டுசெல்லலாம். அங்கே அலமாரி இருக்கிறது, மாற்றிப் பார்ப்பது அவர்களுக்கே எளிது. செல்லும்போது அளந்த வோல்ட் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், கழற்றிய பழைய பொருளைத் திரும்பக் கேளுங்கள், வீட்டில் என்ன வேலை செய்வீர்களோ அதே பளுவை ஏற்றி அரை மணி நேரமாவது ஓட்டிக் காட்டிய பிறகே பணத்தைக் கொடுங்கள்.