டூயல் மாஸ் ஃப்ளைவீல்: பல வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுற்றும் கனமான சக்கரம். என் டீசல் காரில் இருப்பது ஸ்பிரிங் வைத்த டூயல் மாஸ் ஃப்ளைவீல். நன்றாக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, போனால் பர்ஸ் காலி என்பார்கள். எனக்கு இரண்டும் ஆயிற்று.

பலர் நினைப்பதுபோல இது இன்ஜின் அதிர்வைக் குறைப்பதில்லை. அந்த அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஐடிலிங்கில் சீட்டும் ஸ்டியரிங்கும் நடுங்கினால் முதலில் இன்ஜினைத் தாங்கும் ரப்பரான இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள்.

நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை டீசல் எரிகிறது. 800 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 27 முறை அடி விழுகிறது. ஃப்ளைவீலை இரண்டு தட்டாகப் பிரித்து, நடுவே கிரீஸ் பூசிய நீளமான வளைவு ஸ்பிரிங்குகளை வைத்திருக்கிறார்கள். இன்ஜின் பக்கத் தட்டு எவ்வளவு துள்ளினாலும் கிளட்ச் பக்கத் தட்டு ஏறக்குறைய சீராகச் சுற்றும். இந்த அமைப்பின் ரெசொனன்ஸ், அதாவது ஆட்டம் பல மடங்கு பெருகும் வேகம், ஐடிலிங் வேகத்துக்கும் கீழே இருப்பதால், ஸ்டார்ட் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் மட்டும் அதைத் தாண்ட வேண்டும். தேய்மானமும் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

என் வண்டியிலும் ஆஃப் செய்யும்போது ‘டடக்’ என்று ஒரு தட்டலில்தான் ஆரம்பித்தது. அப்புறம் நியூட்ரலில் கறகறப்பு. கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் பக்கத் தட்டைக் கையால் திருப்பினால், ஸ்பிரிங் பிடிக்கும் முன்பே லொடலொடவென்று ஆடியது. ஓரத்தில் கிரீஸ் கசிந்து கருப்பாகப் படிந்திருந்தது. கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங், போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினேன். இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்கும் கூலியை யார் கொடுப்பது?

செலவு குறையுமே என்று ஸ்பிரிங் இல்லாத ஒரே தட்டு சாதா ஃப்ளைவீலுக்கு மாற்றச் சொன்னார்கள். அப்படி மாற்றிய நண்பரின் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது, ஆனால் கியர் லிவர் கையில் நடுங்குகிறது, குறைந்த வேகத்தில் கியர்பாக்ஸ் சத்தம் போடுகிறது. சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆயுளைக் கூட்ட முக்கியமான வழி: உயர்ந்த கியரில் 1200 ஆர்பிஎம்மில் உருட்டிக்கொண்டு போய் ஆக்சிலரேட்டரை ஏறி மிதிக்காதீர்கள். டர்போ டீசலின் டார்க் (முறுக்கு விசை) அப்போதுதான் ஸ்பிரிங்குகளை முட்டும்வரை நசுக்கும். ஒரு கியர் குறைத்துவிட்டு மிதியுங்கள்.

பழைய டீசல் வாங்குகிறவர்கள் டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் உடனே இறங்கிவிடாமல், ஜன்னலை இறக்கி, நாலைந்து முறை ஸ்டார்ட் செய்து ஆஃப் செய்து, அந்த ‘டடக்’ சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.