ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவுப் பக்கம்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் ஒரு சிறு தமிழ்ப் பதிப்பகத்தில் வாசகர் தொடர்பைக் கவனிப்பது என் வேலை. புது நூல் வருகிறது, முன்வெளியீட்டு விலை இவ்வளவு, தீர்ந்துபோன நூலின் மறுபதிப்பு தயார் என்றெல்லாம் சொல்ல மின்னஞ்சல் பட்டியலைத்தான் பல வருடமாக நம்பியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர், ஒவ்வொரு நூலுக்கும் தனியாக அமைத்த பதிவுப் பக்கம், அதாவது மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிந்துகொள்ளும் பக்கம், வழியாக வந்தவர்கள். மெயில்சிம்ப், மெயிலர்லைட், 2024 வரை கன்வெர்ட்கிட் என்ற பெயரில் இருந்த கிட் ஆகிய மூன்று மின்னஞ்சல் சேவைகளிலும் இப்படிப் பக்கம் அமைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றுமே இந்த வேலைக்குப் போதும். பலனைத் தீர்மானிப்பது பக்கத்தில் நாம் என்ன கேட்கிறோம், என்ன தருகிறோம் என்பதுதான். அதனால் கருவிகளைப் பற்றிக் குறைவாகவே சொல்லப்போகிறேன்.

வாட்ஸப் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். வாட்ஸப் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அவர்களிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். ஃபேஸ்புக்கில் எழுதுவது யார் கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை. மின்னஞ்சல் பட்டியலை மட்டும்தான் ஒரு கோப்பாக இறக்கி, வேறு சேவைக்கு மாறும்போது கூடவே எடுத்துப்போக முடிகிறது.

பதிப்பகத் தளத்தின் அடியில் "எங்கள் செய்திமடலில் இணையுங்கள்" என்று ஒரு பெட்டி எப்போதும் உண்டு. அதில் எப்போதாவது ஒருவர் சேர்வார். அதே வாசகருக்கு ஒரே ஒரு நூலுக்கான பக்கத்தின் சுட்டியை அனுப்பினால் நடப்பது வேறு. மேலே அட்டைப்படம், கீழே நூலைப் பற்றி மூன்று வரி, "முதல் அத்தியாயத்தை மின்னஞ்சலில் அனுப்புகிறோம்" என்ற வாக்கு, ஒரு பெட்டி, ஒரு பட்டன். மெனு கிடையாது, மற்ற நூல்கள் கிடையாது, சமூக ஊடகச் சின்னங்களும் கிடையாது. வந்தவர் செய்யக்கூடியது ஒன்றுதான் என்பதால் தயங்காமல் செய்கிறார். பட்டனில் தானாக வரும் "சமர்ப்பி" என்ற சொல்லை எடுத்துவிட்டு "முதல் அத்தியாயம் அனுப்புங்கள்" என்று வைப்பது என் வழக்கம்.

எதைத் தருகிறோம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முழு மின்னூல் இலவசம் என்று வைத்த பக்கத்துக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. ஆனால் அப்படி வந்தவர்கள் அடுத்த கடிதத்திலிருந்தே காணாமல் போனார்கள். முதல் அத்தியாயத்துக்காக வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டுபவர்களும், கடிதத்துக்குப் பதில் எழுதுபவர்களும், "எழுத்தாளரின் அடுத்த நூல் எப்போது?" என்று கேட்பவர்களும் இவர்கள்தான். பட்டியல் பெரிதாக வேண்டும் என்பதற்காக இலவசத்தைக் கூட்டிக்கொண்டே போவதை நான் எந்தப் பதிப்பகத்துக்கும் சொல்ல மாட்டேன்.

பெயர் கேட்கும் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தச் சேவைகள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். நம் ஊரில் இன்ஷியல் முன்னால் வரும். ஆர். மீனாட்சி என்பவர் முதல் பெட்டியில் "ஆர்." என்றும் இரண்டாவதில் "மீனாட்சி" என்றும் எழுதுவார். கடிதம் "அன்புள்ள ஆர்.," என்று போய் நிற்கும். பெட்டி ஒன்றாக இருந்தாலும் ஒருவர் தன் பெயரோடு அப்பா பெயரையும் எழுதுவார், இன்னொருவர் ஊர்ப்பெயரையும் சேர்ப்பார். எங்கள் பக்கங்களில் பெயரே கேட்பதில்லை. "அன்புள்ள வாசகருக்கு" என்பது எல்லோருக்கும் பொருந்துகிறது. கைபேசி எண்ணைக் கேட்டால் நிறையப் பேர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். விற்பனை அழைப்புகளால் நொந்துபோன ஊரில் அது நியாயமான பயம்.

பதிந்தவுடன் வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலை வைப்பதா வேண்டாமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். வைக்கத்தான் வேண்டும் என்பேன். ஜிமெயிலின் எழுத்துகளை இடம் மாற்றி அடித்தவை, வேறொருவர் முகவரியைப் போட்டவை, இயந்திர நிரல்கள் கொண்டுவந்து கொட்டும் போலிப் பதிவுகள் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த மின்னஞ்சல் வழக்கமாக ஆங்கிலத்தில் வரும். தமிழ்ப் பக்கத்தில் பதிந்தவருக்கு அடுத்த நிமிடம் ஆங்கிலத்தில் "இங்கே அழுத்தவும்" என்று ஒன்று வந்தால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுகிறார். வயதான வாசகர்கள் சிலர் ஓடிபி வரும் என்று பக்கத்தைத் திறந்துவைத்தபடி காத்திருப்பதைக் கண்காட்சி அரங்கில் நேரிலேயே பார்த்தேன். அதனால் பதிந்ததும் திறக்கும் நன்றிப் பக்கத்தில் எழுத வேண்டியதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்: "உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். அதிலுள்ள பட்டனை அழுத்தினால் அத்தியாயம் வரும். கடிதம் காணவில்லையென்றால் ப்ரொமோஷன்ஸ், ஸ்பாம் பகுதிகளில் பாருங்கள்." இந்த நாலு வரியைத் தமிழில் வைத்த பிறகு பாதியில் நின்றுபோகிறவர்கள் நன்றாகவே குறைந்தார்கள்.

ஜனவரியில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் கண்காட்சிதான் எங்களுக்குப் பெரிய வாய்ப்பு. பில் போடும் மேசையில் ஒரு கியூஆர் கோடு, வாங்கிய புத்தகத்துக்குள் செருகும் புத்தகக்குறியில் இன்னொரு கியூஆர் கோடு என்று இரண்டையும் வெவ்வேறு பக்கங்களுக்கு இணைத்தோம். மேசையிலிருப்பதை அதிகம் பேர் ஸ்கேன் செய்வதில்லை. இரண்டு கையிலும் பை, பின்னால் வரிசை, நெரிசலில் இணையமும் மெதுவாகத்தான் வரும். புத்தகக்குறி வழியாக வருபவர்கள் பொங்கல் கழிந்த பிறகும், கோடை விடுமுறையிலும், புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வந்துகொண்டே இருக்கிறார்கள். தனித்தனிப் பக்கம் வைத்ததால்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. அரங்கில் திறக்கும் பக்கம் கனமில்லாமல் இருக்க வேண்டும். அச்சகத்துக்குப் போகும் அட்டைக் கோப்பு அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில், பல எம்பி கனத்தில் இருக்கும். அதைத் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றி 100 கேபிக்குள் சுருக்கித்தான் ஏற்றுவேன்.

இதில் நீண்ட நாள் புழங்கினால் மட்டுமே தெரியும் ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகம் வாசகர் வீட்டு அலமாரியில் பத்து வருடம் இருக்கும். அதன் பின்னட்டையில் அச்சான கியூஆர் கோடும் அத்தனை காலம் வேலை செய்ய வேண்டும். பதிவுப் பக்கம் சேவை நிறுவனத்தின் முகவரியிலேயே இருந்தால், நாம் சேவையை மாற்றும் நாளில் அது செத்துப்போகும். அச்சிட்ட பிறகும் போகும் பக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய கியூஆர் தருகிறோம் என்ற ஒரு நிறுவனத்திடம் வாங்கிய கோடுகள், சந்தா முடிந்த மறுநாளே வேறெங்கோ போக ஆரம்பித்தன. அதற்குப் பிறகு எங்கள் சொந்த டொமைனில், அதாவது எங்கள் தளத்தின் இணைய முகவரியில், ஒரு குறுமுகவரியை உருவாக்கி அதைத்தான் அச்சிடுகிறோம். அது இன்று எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பதை நாங்களே உள்ளே மாற்றிக்கொள்ளலாம். சேவை மாறிய பிறகும் பழைய புத்தகக்குறிகள் வேலை செய்கின்றன.

இத்தனை வருடத்தில் வெளியுலகமும் மாறியது. கடிதத்திலுள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அதை ஒருவர் திறந்தாரா என்று சேவைகள் கணக்கிடும். 2021இல் ஐபோனின் ஐஓஎஸ் 15உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அந்தப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், கடிதத்தைத் திறக்காதவரும் திறந்ததாகக் கணக்கில் வருகிறார். எந்தப் பக்கம் நல்ல வாசகரைத் தருகிறது என்று பார்க்க இப்போது சுட்டிகளை அழுத்தியவர்களையும் பதில் எழுதியவர்களையும்தான் எண்ணுகிறேன். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு, கடிதம் உண்மையிலேயே அவர்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் பதிவுகளைக் கட்டாயமாக்கின. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் வரம்பு வைத்தன. எங்களைப் போன்ற சிறிய பட்டியலுக்கும் டொமைனில் இவற்றைச் செய்துவைப்பது நல்லது. தானே விரும்பி ஒரு பக்கத்தில் பதிந்து, உறுதிப்படுத்தி வந்தவர் புகார் செய்வது அரிது. யாரிடமிருந்தோ வாங்கிய பட்டியலுக்கு அனுப்பும் பதிப்பகங்கள் இந்த வரம்பில்தான் மாட்டும்.

கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சில சேவைகள் பட்டியலிலிருந்து விலகியவர்களையும் எண்ணிக்கையில் சேர்த்துப் பணம் வாங்குகின்றன. விலை அட்டவணையின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டே கடன் அட்டை எண்ணைக் கொடுங்கள். பட்டியலை இறக்கிய கோப்பை நேரே எக்ஸெலில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். கூகுள் ஷீட்ஸில் சரியாக வரும்.

ஒப்புதல் விஷயத்தில் கனடாவின் 2014 ஸ்பாம் எதிர்ப்புச் சட்டமும் ஐரோப்பாவின் 2018 தரவுப் பாதுகாப்பு விதியான ஜிடிபிஆரும் டொரண்டோ, பாரிஸ் வாசகர்களால் எங்களுக்கு முன்பே பழக்கம். நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழ் வாசகருக்குத் தமிழில் சொல்வது எங்களுக்கு எளிது. பட்டனுக்குக் கீழே இப்போது இப்படி இருக்கிறது: "இந்த முகவரிக்கு எங்கள் நூல் அறிவிப்புகளை மட்டும் அனுப்புவோம். மாதம் இரண்டு கடிதத்துக்கு மேல் வராது. யாருக்கும் தர மாட்டோம். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் விலகும் சுட்டி இருக்கும்." இதை வைத்தால் பதிவு குறையும் என்று அலுவலகத்தில் ஒரு கவலை இருந்தது. குறையவில்லை.