ஒலி இயக்கி: கெர்னலுக்குள்ளா, தனி மாட்யூலாகவா?

பெங்களூரு அல்சூரில் உள்ள என் அறையில், நானே தொகுத்த லினக்ஸ் கெர்னலுடன் (இயங்குதளத்தின் மையக்கரு) மடிக்கணினி சிக்கலின்றித் தொடங்கியும் ஒலி அட்டை மட்டும் தென்படாதபோதுதான், ஒலி அட்டையை இயக்கும் நிரலான இயக்கியைக் கெர்னலுக்குள்ளேயே சேர்ப்பதா, தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பான மாட்யூலாக வைப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்க நேர்ந்தது.

உள்ளே சேர்த்தால் மாட்யூல் கோப்புகளைத் தனியே நிறுவும் வேலை இல்லை. ஆனால் அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றின் எஸ்ஓஎஃப் (சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்) ஒலி இயக்கிக்கு, ஒலி வன்பொருளுக்குள் ஏற்றப்படும் மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு தேவை; வன்தட்டின் கோப்பு முறைமை ஏற்றப்படுவதற்கு முன்பே இயக்கி அதைத் தேடுவதால், இனிட்ராம்எஃப்எஸ் எனும் தொடக்கநேரத் தற்காலிகக் கோப்பு முறைமையிலோ கெர்னலிலோ அதைச் சேர்க்காவிட்டால் ஒலி அட்டை கண்டறியப்படாமல் போகலாம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் ஃபர்ம்வேர் ஏற்றம் தோல்வியுற்றதாக வரும் வரியே இதற்குச் சான்று.

மாட்யூலாக வைத்தால், கோப்பு முறைமை ஏற்றப்பட்ட பிறகே பொதுவாக இயக்கி ஏற்றப்படுவதால், இச்சிக்கல் பெரும்பாலும் எழாது. மேலும், செயலிகளின் ஒலியைக் கையாளும் ஒலிச் சேவையகத்தை நிறுத்திவிட்டு, மாட்யூல்களை ஏற்றி இறக்கும் மாட்புரோப் கட்டளையால் இயக்கியை இறக்கி, அதன் அளபுருக்களை (அமைப்பு மதிப்புகளை) மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யாமலேயே மீண்டும் ஏற்றிச் சோதிக்கலாம். கெர்னலை நிறுவும்போது மாட்யூல்களையும் நிறுவ மறக்கக் கூடாது. என் தவறு, வெட்கத்துடன் சொல்கிறேன், அதுதான். பழுது தேடும் காலத்திலாவது மாட்யூலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எதைத் தேர்ந்தாலும், எச்டிஏ (ஹை டெஃபினிஷன் ஆடியோ) எனும் ஒலிக் கட்டுப்படுத்தியின் இயக்கியுடன், எண்முறைத் தரவுக்கும் ஒலிக்கும் இடையே மாற்றும் சில்லான கோடெக்குக்கு உரிய, ரியல்டெக் போன்ற இயக்கியையும் சேர்க்க வேண்டும்.