முதலுதவிக்கு முழு மதிப்பெண், பதிவேட்டுக்கு இல்லை

வெளிமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்று, நாகர்கோவிலை அடுத்த ஒரு கல்லூரி வளாகத்தை வாடகைக்கு எடுத்து, எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகக் கடந்த மே மாதம் நடத்திய பத்து நாள் தங்கும் முகாமுக்கு என் மகனை அனுப்பியிருந்தேன். கட்டணம் 6,500 ரூபாய். நிர்வாகத்துடன் நான் நடத்திவரும் கடிதப் போக்குவரத்து இன்னும் முடியாததால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

பாடங்களைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்ததையும், தானே பற்றவைத்த மின்சுற்றில் விளக்கு எரிந்ததையும் மகன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான். காலையில் புட்டும் பயறும் பப்படமும், ஒரு நாள் மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் என்று உணவும் நம் ஊர் உணவாகவே இருந்தது. கடற்கரைப் பயணத்தைப் பற்றி அவர்கள் எடுத்திருந்த முடிவும் எனக்குப் பிடித்தது. சொத்தவிளைக்கு அழைத்துச் செல்வோம், ஆனால் கணுக்கால் அளவுக்குக்கூட யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அனுமதிப் படிவத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கடல் சீற்ற எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்த நாள்களில்தான் அது நடந்தது. அந்த ஒரு வரியைப் படித்த நம்பிக்கையில்தான் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

நான்காம் நாள் மாலை, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் வழக்கமாகப் படுத்துக் கிடக்கும் நாய் ஒன்று மகனின் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. தோல் கிழிந்து ரத்தம் வந்தது. தன்னார்வலராக வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி, அவனைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் கழுவியிருக்கிறார். மஞ்சள்தூளை அப்புங்கள், இறுக்கிக் கட்டுங்கள் என்று சுற்றி நின்றவர்கள் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அவனைக் கொண்டுசேர்த்துவிட்டார். ரத்தம் வரும் கடி, நாய்க்கடிகளில் மிகக் கடுமையான மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்பதால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்பு மருந்தும், கையில் தடுப்பூசியின் முதல் தவணையும் அன்றே போடப்பட்டன. அந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் போதாது.

ஆனால் எனக்குத் தகவல் வந்த விதத்தைக் கேளுங்கள். பையனுக்கு இதற்கு முன் நாய்க்கடி ஊசி போட்டிருக்கிறதா, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். பதில் தெரியாததால், அந்த மாணவி தன் சொந்தக் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தார். அப்போது மணி 5.50. மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், ஒருங்கிணைப்பாளர் அழைத்த 8.15 மணிவரை எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. இதற்கிடையே, ஆறரை மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பட்டம் செய்யும் வகுப்பின் படங்கள் நாற்பதுக்கும் மேல் வந்து விழுந்தன. பெற்றோர் பதறிவிடக் கூடாது என்றுதான் தாமதித்தோம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். பதறுவதா வேண்டாமா என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

மகன் முகாமை விட்டு வர மறுத்துவிட்டான். நானும் வற்புறுத்தவில்லை. மறுநாள் நேரில் சென்று, நடந்ததை எழுத்தில் தரும்படி கேட்டேன். அங்கேதான் உண்மையான சிக்கல் தெரியவந்தது. காவலாளி கல்லூரியின் ஊழியர், முகாம் ஊழியர்கள் பல்கலைக்கழகத்தினர். சம்பவத்தை மற்றவர் பதிவு செய்திருப்பார் என்று இரு தரப்பும் எண்ணிக்கொண்டிருந்தன. கேட்டு மூன்று நாள் கழித்து என் கைக்கு வந்த தாளில் மூன்றே வாக்கியங்கள் இருந்தன: மாணவருக்குச் சிறு காயம் ஏற்பட்டது, உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது, மாணவர் நலமாக உள்ளார். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் பார்த்தார்கள், காயத்தை யார் கழுவினார்கள், அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்ற எதுவும் அதில் இல்லை. கடித்தது நாய் என்றுகூட எழுதவில்லை.

இதை வெறும் காகிதக் குறையாக நான் பார்க்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். அது நலமாக இருக்கிறதா, செத்துப்போகிறதா என்பது சிகிச்சையைத் தொடர்வது பற்றிய முடிவுக்கு உதவும். காவலாளியோ, "அது எப்பவும் இங்கதான் கெடக்கும், ஒண்ணும் செய்யாதுன்னுல்லா நெனச்சோம்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே கம்பை எடுத்து அதை மதிலுக்கு வெளியே விரட்டிவிட்டார். நடவடிக்கை எடுத்ததாக நிர்வாகம் என்னிடம் பெருமையாகச் சொன்னது இதைத்தான். இரண்டாவது காரணம் இன்னும் கவலைக்குரியது. அதே நாயின் நகம் அன்று வேறொரு மாணவியின் கையிலும் கீறியிருக்கிறது. ரத்தம் வராததால் அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. மூன்று நாள் கழித்துத் தாயிடம் தொலைபேசியில் பேசும்போதுதான் விஷயம் வெளியே வந்து, அவளுக்குத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. ரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி தேவை. பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள் என்ற ஒரு கேள்வி படிவத்தில் இருந்திருந்தால் அன்று மாலையே அது தெரிந்திருக்கும். முகாம் முடிவில் தந்த கருத்துப் படிவம் மட்டும் மூன்று பக்கம். சாம்பாரின் சுவைக்குக்கூட ஐந்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தார்கள்.

நேரில் சென்ற அன்று இன்னொன்றையும் விசாரித்தேன். முகாமில் உள்ள பெரியவர் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாக ஒரு பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, முதலில் எங்கள் உள் புகார்க் குழு விசாரிக்கும், உண்மை என்று தெரிந்தால் மேலே போவோம் என்று ஒருங்கிணைப்பாளர் பதில் சொன்னார். நல்ல மனிதர்தான், தவறான நோக்கமும் இல்லை. ஆனால் பதில் தவறு. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிந்தவர் யாராக இருந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும்கூட, காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். உண்மையா பொய்யா என்று தாங்களே விசாரித்து முடித்த பிறகு தெரிவிக்கலாம் என்று சட்டம் சொல்லவில்லை. தனக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. இதைச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசாமல் குறித்துக்கொண்டார்.

முகாம் முடிந்ததும் இவை அனைத்தையும் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சம்பவப் பதிவேட்டைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளும் என்றும், எந்தக் காயமானாலும் பெற்றோருக்கு அரை மணி நேரத்துக்குள் தகவல் தரப்படும் என்றும், 108, 112, 1098 ஆகிய அவசர உதவி எண்கள் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் ஒட்டப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டாவது மாணவியைப் பற்றியோ, மற்றப் பெற்றோர்களுக்கு ஏன் ஒரு வரிகூடத் தெரிவிக்கவில்லை என்பதைப் பற்றியோ பதிலில் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

கற்பித்தலுக்கு ஐந்துக்கு நான்கரை, விபத்து நேர்ந்த அந்த ஒரு மணி நேரத்துக்கு ஐந்து, அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் ஒன்றரை என்பது என் கணக்கு. ஏழாம் நாள் ஊசியையும் இருபத்தெட்டாம் நாள் ஊசியையும் போட நானே மகனை ஆசாரிப்பள்ளத்துக்கு அழைத்துச் சென்றேன், காயம் ஆறிவிட்டது. அடுத்த மே மாதம் மகளை அனுப்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. புதிய விண்ணப்பப் படிவம் சென்ற வாரம் வந்தது. ரத்தப் பிரிவுக்கான கட்டத்துக்குக் கீழே, வெறிநாய்க்கடி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் கடைசியாகப் போட்ட தேதிகளைக் கேட்டுப் புதிதாக இரண்டு கட்டங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.