எரிவாயு அடுப்பு போய் இண்டக்‌ஷன் வந்தது
எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு அதே மேடையில் நான்கு வட்டங்கள் கொண்ட இண்டக்‌ஷன் அடுப்பைப் பதித்த பிறகு முதலில் தெரிந்தது வேகம்தான். கண்ணாடிக்கு அடியிலுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியையே நேரடியாகச் சூடாக்குவதால், தண்ணீர் ஏறக்குறைய பாதி நேரத்தில் கொதித்துவிடுகிறது. பொங்கி வழிந்த பாலும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போய்விடுகிறது. ஆனால் அலுமினியப் பாத்திரங்கள் அனைத்தும் பரணுக்குப் போயின. அடியில் காந்தம் ஒட்டாத எதை வைத்தாலும் இந்த அடுப்பு பிழைக்குறி காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. நான்கையும் ஒருசேர இயக்கினால் 7 கிலோவாட் வரை இழுக்கும் என்பதால், மின்பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டியிருந்தது. அடுப்பைப் பொருத்தியதைவிட அதற்கே அதிக நேரம் பிடித்தது. குறைந்த சூட்டில் கொதிப்பு விட்டுவிட்டு வருவதும், ஈரக்கை பட்டால் தொடுபொத்தான்கள் அடம்பிடிப்பதும் இன்னும் எரிச்சலூட்டுகின்றன.